பால்மாப் பள்ளிக்கூடம்

மருதமுனை நெசவுகாரர் பக்கீர் முகைதீனின் மூத்த மகன் மீராமுகைதீன் தேவாலயத்தில் தொண்டு செய்யப் போனதற்கு ஆண்டவனின் அழைப்புக் காரணமல்ல, இங்கிலீசுதான் காரணம். எஸ்.எஸ்.சி. சோதனையில் மற்றப் பாடங்களெல்லாம் மரியாதையாக அவனை உள்ளே விட்டுவிட, இங்கிலீசு மட்டும் வாசலில் மறித்துக்கொண்டது. ஆசிரியர் கலாசாலைக்குப் போகிறவனுக்கு இங்கிலீசும் இருந்தால் ஒரு தனி மதிப்பு என்று ஊரில் எல்லாரும் சொன்னார்கள். எல்லாரும் என்றால், இங்கிலீசு தெரியாத எல்லாரும்.

அது ஐம்பத்தைந்தாம் ஆண்டு. பக்கத்து ஊரான கல்முனையில் இங்கிலீசு சொல்லிக்கொடுக்க ஆளில்லாமல் இல்லை. ஆனால் அவர்களுக்குக் கூலி கொடுக்கப் பக்கீர் முகைதீன் தறியையும் விற்று, தறியில் கிடந்த சாறனையும் விற்க வேண்டியிருக்கும். கூலி கேட்காதவர் ஒரேயொருவர்தான். அவர் பெத்தானியா தேவாலயத்துப் போதகரின் மனைவி நேசம்மா, யாழ்ப்பாணத்துக்காரி. தேவாலயத்தில் ஏதாவது கைவேலை செய்தால் போதும், இங்கிலீசு தானாக வரும் என்றார். உலகத்தில் இனாமாகக் கிடைக்கிற எல்லாவற்றையும் போல இதுவும் கொஞ்சம் விலை கூடியதுதான் என்பது மீராமுகைதீனுக்குப் பிறகுதான் விளங்கியது.

வீட்டில் விஷயத்தைச் சொன்ன அன்று உம்மா றுகையா சோற்றுப் பானையை அடுப்பில் விட்டுவிட்டு அழத் தொடங்கினாள்.

"வேணா மனே. உன்ன வேதக்காரனாக்கிப் போடுவாங்க. பொறகு உனக்கு ஆருடா பொண்ணு தருவா?"

தறிக்குழிக்குள் இருந்த வாப்பா கையை நிறுத்தாமலே சொன்னார்: "அழாத றுகையா. ஓதப்பள்ளியில லெவ்வை அத்தனை வருசம் அடிச்சும் இவன்ட மண்டைக்குள்ள ஒண்டும் ஏறல்ல. வேதக்காரர் புதிசா என்னத்த ஏத்தப்போறாங்க?"

இதை ஆதரவு என்று எடுத்துக்கொண்டு மீராமுகைதீன் புறப்பட்டான்.

தேவாலயத்திலும் பயம் இருந்தது. அந்தப் பயத்துக்குப் பெயர் சாமுவேல் கனகரெத்தினம். சபைக் காரியதரிசி. நீதவான் கோட்டில் துவிபாஷியாக இருந்து இளைப்பாறியவர். துவிபாஷி என்றால், நீதவான் இங்கிலீசில் அதட்டுவதைத் தமிழிலும், சாட்சி தமிழில் புளுகுவதை இங்கிலீசிலும் ஒரு சொல் கூடாமல் குறையாமல் எடுத்துச் சொல்லும் உத்தியோகம். வாழ்நாளில் பாதியை சாட்சிக் கூண்டுக்குப் பக்கத்தில் நின்று கழித்ததனால், எந்த மனிதனைப் பார்த்தாலும் அவருக்குக் குற்றம் சாட்டப்பட்ட எதிரி போலத்தான் தெரியும்.

"ஒரு சோனகப் பொடியன் என்னத்துக்கு வலிய வந்து கோயில் கூட்டுறான்? அவன்ட நோக்கம் என்ன?" என்று அவர் போதகரைக் கேட்டார்.

போதகர் அருளையா சாதுவான மனிதர். "நோக்கம் இங்கிலீஷ் எண்டு அந்தத் தம்பியே சொல்லுறார். கூட்டட்டும் ஐயா. எங்கட சபையில விளக்குமாறு தூக்கிறதுக்கு ஒருத்தர் தானா வந்து எத்தினை காலம்?"

அப்படியாக மீராமுகைதீன் தொண்டனானான். கூட்டினான், உட்காரும் வாங்குகளைத் துடைத்தான், மணிக்கயிற்றை இழுத்தான். சபையில் இளைஞர்கள் இருந்தார்கள். கிற்றார் வாசிப்பது, கூட்டம் கூடுவது, கூட்டத்தில் தொண்டின் மகிமையைப் பற்றிப் பேசுவது ஆகிய பாரமான வேலைகள் அவர்கள் தலையில் இருந்தபடியால் விளக்குமாறு முழுவதுமாக இவன் கையில் தங்கியது. வேலை முடிந்ததும் நேசம்மா அவனை விறாந்தையில் இருத்தி இங்கிலீசு வாசிக்கச் செய்வார். மூன்றாம் மாதத்தில் அவனால் பால்மாத் தகரத்தில் எழுதியிருந்ததைத் தடக்காமல் வாசிக்க முடிந்தது.

பால்மா அமெரிக்காவிலிருந்து வந்தது. ஏழைப் பிள்ளைகளுக்கு என்று வந்தது. கல்முனைக்குடியில் கந்தூரிக்குச் சோறாக்குகிற பெரிய கிடாரத்தை இரவல் வாங்கி, அதில் வெந்நீர் விட்டு அந்த மாவைக் கரைப்பது மீராமுகைதீனின் வேலையாயிற்று. எவ்வளவு கிண்டினாலும் கட்டி கட்டியாக மிதக்கும். முதல் நாள் குடித்த பிள்ளைகளின் வயிறு கடல் மாதிரி இரைந்தது. இருந்தாலும் மறுவாரமும் வந்தார்கள். பாண்டிருப்பிலிருந்தும், கல்முனைக்குடியிலிருந்தும் கோப்பையும் சிரட்டையுமாக வந்தார்கள். சோனகப் பிள்ளைகள் தொப்பியைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு வந்தார்கள்.

இவ்வளவு கூட்டத்தைக் கண்டதும் காரியதரிசிக்கு ஒரு சட்டம் உதித்தது. ஞாயிறு பள்ளிக்கூடத்தில் சேர்ந்து, பாடம் கேட்டு, மனப்பாட வசனம் ஒன்று ஒப்புவிக்கிற பிள்ளைக்குத்தான் பால். ஆறு வயது நிரம்பாத பிள்ளையை ஞாயிறு பள்ளியில் சேர்ப்பதில்லை. ஆகையால் அதற்குப் பாலும் இல்லை. பாலுக்கு அதிகம் அழுவது எந்த வயது என்று அவரிடம் கேட்க ஒருவருக்கும் துணிவு வரவில்லை.

சட்டம் நன்றாகத்தான் ஓடியது, ஞாயிறு பள்ளியை நடத்திய எஸ்தர் அக்கா கலியாணம் முடித்து மட்டக்களப்புக்குப் போகும்வரை. அதன்பிறகு காரியதரிசியே வகுப்பை எடுத்தார். ஆதாமும் ஏவாளும் பழம் தின்ற பாடம். "பழத்தை முதல்ல தொட்டது ஆர்? நீ கண்டனியா? காணாட்டி எப்பிடிச் சொல்லுவாய்?" என்று அவர் ஒவ்வொரு பிள்ளையாக எழுப்பி விசாரிக்க, இரண்டு பிள்ளைகள் அழுதுகொண்டு தாங்கள் தொடவில்லை என்று சத்தியம் செய்தார்கள். அடுத்த ஞாயிறு பாதி வாங்கு காலி. அதற்கடுத்த ஞாயிறு அவருடைய பேரப்பிள்ளைகளுக்கே வயிற்றுவலி.

பிள்ளைகள் குறைந்தால் தகரமும் குறையும். தலைக்கணக்குப் பார்த்துத்தான் கொழும்பிலிருந்து பால்மா வரும். போதகரோ ஞாயிற்றுக்கிழமைகளில் திருக்கோவில் என்ற ஊர்ப் பக்கம் ஆராதனைக்குப் போய்விடுவார். காரியதரிசி கொஞ்ச நேரம் மீசையைத் தடவிவிட்டு மீராமுகைதீனைக் கூப்பிட்டார்.

"நீ பாடமெல்லாம் படிப்பிக்க வேணா. வேற ஆள் வருமட்டும் பிள்ளையள இருத்தி வச்சிரு. சத்தம் போடாமப் பாத்துக்க. விளங்கிச்சா?"

"ஓம் சேர்."

அடுத்த ஞாயிறு வீட்டிலிருந்து புறப்படும்போது உம்மா எங்கே என்று கேட்டாள். "பள்ளிக்கூடத்துக்கு" என்றான். கூடத்தை மட்டும் கொஞ்சம் மெல்ல விழுங்கினான். ஞாயிற்றுக்கிழமையிலும் பள்ளிவாசலுக்குப் போகிற மகனை நினைத்து றுகையா பூரித்துப்போனாள்.

வகுப்புச் சுவரில் படச்சுருள் ஒன்று தொங்கியது. மீராமுகைதீன் அதைப் புரட்டினான். ஒரு படத்தில் பெரிய கப்பல், சன்னல் வழியாக ஒட்டகம் தலையை நீட்டிக்கொண்டிருந்தது. இன்னொன்றில் மீன் வயிற்றுக்குள் ஒரு மனிதர். வேறொன்றில் கடல் பிளந்து நின்றது. அவனுக்குச் சிரிப்பு வந்தது. எல்லாரும் தெரிந்த ஆட்கள்! லெவ்வையிடம் அடி வாங்கியபடி கேட்ட கதைகளே இங்கே வர்ணம் பூசித் தொங்கிக்கொண்டிருந்தன.

நபிமாரைப் படம் கீறுவது தப்பு என்பது அவனுக்குத் தெரியும். ஆகவே கப்பல் ஓரத்தில் நின்ற தாடிக்காரரின் முகத்துக்கு மேல் ஒரு கடதாசித் துண்டைச் சோற்றுப் பசையால் ஒட்டிவிட்டுக் கதையைத் தொடங்கினான். இருத்தி வைக்கத்தான் சொன்னார்கள். ஆனால் சிரட்டையோடு வந்த பிள்ளைகளைக் கதை சொல்லாமல் இருத்திவைக்க நபிமாராலும் முடியாது.

"மாஸ்டர், கப்பலுக்குள்ள பாம்பையும் ஏத்தினாரா?"

"ஏத்தினாரு."

"தவளை?"

"அதையும்."

"பாம்பு தவளையத் தின்னல்லயா?"

"நூஹ் நபி, அலைஹிஸ்ஸலாம், ரெண்டையும் ரெண்டு அறையில கட்டிவச்சாரு" என்றான் மீராமுகைதீன். இது எந்தக் கிதாபிலும் இல்லை. ஆனால் கேட்கிற பிள்ளைக்கு விடை வேண்டுமல்லவா?

கதை சொல்லும்போது தனக்குள் ஏதோ இளகி ஓடுவதை அவன் கவனித்தான். தறியில் அவனுக்கு நூல் அறும், கணக்கில் புள்ளி தவறும். இங்கே ஒன்றும் அறவில்லை. பிள்ளைகளின் வாய் திறந்தபடியே இருந்தது. ஒரு மாதத்துக்குள் வாங்கு போதாமல் தரையில் பாய் விரித்தார்கள்.

அந்தப் பாயில் முன்வரிசையில் இருப்பவள் செல்லத்தங்கம். பாண்டிருப்பில் கூலிக்கு வயல் வெட்டுகிறவரின் மகள். இடுப்பில் எந்நேரமும் ஒரு தம்பி. அவன் பெயர் குணம், வயது இரண்டு இருக்கும். அவள் வசனத்தை ஒப்புவித்துப் பாலை வாங்கியதும் மதிலுக்கு அந்தப்பக்கம் போய்விடுவாள். ஒருநாள் மீராமுகைதீன் எட்டிப் பார்த்தான். கோப்பையைத் தம்பியின் வாயில் வைத்து, கடைசிச் சொட்டுவரை சாய்த்துக்கொண்டிருந்தாள்.

அதைக் காரியதரிசியும் கண்டுவிட்டார். "சேராத பிள்ளைக்குப் பால் இல்ல எண்டு சொன்னனா இல்லயா? உனக்குத் தந்தது நீ குடிக்க. இனி இப்பிடிச் செய்தா உனக்கும் இல்ல" என்றார்.

மீராமுகைதீனுக்குக் காது சுட்டது. "சேர், அது சின்னப் பிள்ளை…" என்று தொடங்கினான்.

"சட்டம் சட்டம்தான் தம்பி."

அதற்குப்பிறகு அவன் செய்தது சின்னக் களவு. செல்லத்தங்கத்தின் கோப்பையை விளிம்புமட்டும் நிரப்பினான். அவள் காரியதரிசியின் கண்முன்னே ஒரு மிடறு குடிப்பதுபோல உதட்டை நனைத்துவிட்டு, மிச்சத்தோடு மதிலுக்கு அந்தப்பக்கம் நடந்தாள். தேவாலயத்தில் அவன் செய்த ஒரே உண்மையான தொண்டு அதுதான்.

இப்படி இருக்கும்போது கொழும்பிலிருந்து பெரிய துரை வந்தார். பார்க்கின்சன் துரை. வருடத்துக்கு ஒருமுறை சபைகளைப் பார்த்துப் போகிறவர். தமிழ் தெரியாது. வெள்ளையடித்தார்கள், தோரணம் கட்டினார்கள். படத்தில் ஒட்டியிருந்த கடதாசியைக் கரையான் என்று நினைத்துக் காரியதரிசியே சுரண்டி எடுத்தார். மொழிபெயர்ப்பு யார் என்ற கேள்வியே எழவில்லை. இளைப்பாறிய துவிபாஷி கோட்டுப் போட்டு, சால்வை போட்டு, துரைக்கு இடப்பக்கமாக, நீதவான் கோட்டில் நின்ற அதே கோணத்தில் நின்றார். போதகரும் நேசம்மாவும் பின்னால். மீராமுகைதீன் கதவோரத்தில்.

பிள்ளைகளின் கூட்டத்தைக் கண்டு துரைக்கு முகமெல்லாம் மலர்ந்தது. படத்தைக் காட்டி, இந்தக் கப்பலைக் கட்டியவர் யார் என்று இங்கிலீசில் கேட்டார். காரியதரிசி தமிழில் சொன்னார்.

அடுத்த நொடி கூரை அதிர்ந்தது.

"நூஹ் நபி, அலைஹிஸ்ஸலாம்!"

எல்லாப் பிள்ளைகளும் சொன்னார்கள். நெற்றியில் திருநீறு அழியாத பாண்டிருப்புப் பொடியன் ஒருவன் எல்லாரையும்விட உரக்கச் சொன்னான். காரியதரிசியின் பேரப்பிள்ளைகளும் சொன்னார்கள்.

மீராமுகைதீன் கதவுப் பிடியைப் பிடித்துக்கொண்டான். காரியதரிசியின் முகம் செத்த சாளை மீன் மாதிரி வெளிறியது. சமாளிக்க அவருக்கு வழி இருந்தது. 'நோவா என்கிறார்கள்' என்று ஒரு சொல்லோடு முடித்திருக்கலாம். துரைக்குத் தெரியப்போவதில்லை. சபையின் மானமும் தப்பியிருக்கும். அவர் வாயைத் திறந்தார். வெளியே வந்தது வேறு.

"நோவா தீர்க்கதரிசி, அவர் மேல் சாந்தி உண்டாவதாக என்கிறார்கள்" என்று சுத்தமான இங்கிலீசில் சொன்னார்.

பாவம், அவர் என்ன செய்வார்! வாழ்நாளெல்லாம் பிறர் புளுகைக்கூட ஒரு சொல் மாற்றாமல் சொல்லிப் பழகிய நாக்கு அது. மானம் மரியாதைக்காகத் திரும்பு என்றால் திரும்புமா?

துரை புருவத்தை உயர்த்தினார். பிறகு, "உண்டாகட்டும், நல்ல மனிதர்" என்றார். முன்வரிசையில் தம்பியோடு இருந்த செல்லத்தங்கத்தின் பக்கம் குனிந்து, இங்கே வர உனக்கு ஏன் விருப்பம் என்று கேட்டார்.

"பால் தாறாங்க" என்றாள் செல்லத்தங்கம். "கதையும் சொல்லுவாங்க."

காரியதரிசி மொழிபெயர்த்தார்.

"பால் ருசியா?"

"எனக்குத் தெரியா. தம்பிதான் குடிக்கிறான். அவனுக்கு வயசு காணாதாம், அதால பால் இல்லயாம்."

காரியதரிசி மொழிபெயர்த்தார். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. ஆனால் ஒரு சொல்லும் விழவில்லை.

"அப்படி யார் சொன்னது?"

செல்லத்தங்கம் கையை நீட்டினாள். "இந்த ஐயாதான்."

வெளியே கிடாரத்தின் கீழ் விறகு வெடிப்பது கேட்டது. காரியதரிசி நேரே சுவரைப் பார்த்தபடி நின்றார். நெற்றி வியர்த்திருந்தது. பிறகு நிமிர்ந்து, கணீரென்று சொன்னார்:

"சாட்சி மொழிபெயர்ப்பாளரைச் சுட்டிக்காட்டுகிறாள்."

அந்த இங்கிலீசு முழுவதும் மீராமுகைதீனுக்கு விளங்கியது. படித்த இங்கிலீசுக்கு அதைவிடப் பெரிய பலனை அவன் பிறகு ஒருநாளும் காணவில்லை. சிரிக்க வேண்டும் போல இருந்தது, ஆனால் அந்தக் கிழவரைப் பார்க்கச் சிரிப்பு வரவில்லை.

துரை அதட்டவில்லை. வெள்ளைக்காரத் துரைமார் அதட்டாமல் சொல்வதுதான் அதிகம் சுடும். இந்தப் பால் வாய் இருக்கிற பிள்ளைகளுக்கு அனுப்பியது, வசனம் தெரிந்த வாய் என்று தகரத்தில் எழுதியிருப்பதாகத் தனக்கு ஞாபகமில்லை என்றார். இனிமேல் பால் வேறு நாளில், எல்லாருக்கும். அதையும் காரியதரிசியே பிள்ளைகளுக்குத் தமிழில் சொன்னார். பிள்ளைகள் கைதட்டினார்கள்.

பிறகு துரை கதவுப் பக்கம் திரும்பினார். "நீ கிறிஸ்தவனா?"

வெள்ளைக்காரர் ஒருவரிடம் மீராமுகைதீன் பேசிய முதல் இங்கிலீசு: "நோ சேர். ஐ ஆம் வொலன்ரியர்."

"*ஏ* வொலன்ரியர்" என்று பின்னாலிருந்து நேசம்மா திருத்தினார்.

அன்றைக்கே செல்லத்தங்கத்துக்கு ஒரு கோப்பை, குணத்துக்கு ஒரு கோப்பை. அவள் முதல்முறையாக முழு வாய் குடித்தாள். குடித்துவிட்டு மீராமுகைதீனை நிமிர்ந்து பார்த்தாள்.

"சீ! இந்த மாத்தண்ணிக்கா மாஸ்டர் இவ்வளவு பாடு?"

செய்தி ஊருக்குள் போகாமல் இருக்குமா? வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் மீராசாஹிபு மரைக்கார் ஆளனுப்பினார். பள்ளிவாசல் நிர்வாகத்தில் பெரிய தலை. பக்கீர் முகைதீனும் மகனும் போய் நின்றார்கள்.

"நீ கோயிலுக்குள்ள வேதம் படிப்பிக்கிறயாம்?"

"இல்ல மரைக்கார். நூஹ் நபி, யூனுஸ் நபி, மூஸா நபிட கதைதான் சொன்ன."

"பேரைச் சொல்லக்குள்ள ஸலாம் சொன்னயா?"

"சொன்ன. புள்ளயளும் சொன்ன."

"தமிழாக்களுட புள்ளயளுமா?"

"ஓம்."

மரைக்கார் பக்கத்திலிருந்தவர்களைப் பார்த்தார். பக்கத்திலிருந்தவர்கள் மரைக்காரைப் பார்த்தார்கள். தண்டனைக்கு என்று வந்திருந்த முகங்கள் மெல்ல மெல்லப் பெருமைக்கு மாறின. நாற்பது வருடமாக ஊரில் ஒருவரும் செய்யாததை இந்தப் பொடியன் கோயிலுக்குள்ளேயே போய்ச் செய்திருக்கிறான்! "மாஷா அல்லாஹ்" என்றார் மரைக்கார். அப்படியே ஓதப்பள்ளியிலும் பின்னேரங்களில் படிப்பிக்கட்டும், சம்பளம் அல்லாஹ் தருவான் என்றும் சொன்னார். அவருடைய சொந்தப் பேரன்மார் இருவர் தொப்பியை இடுப்பில் செருகிப் பால் குடித்ததை மீராமுகைதீன் சொல்லவில்லை.

திரும்பி வரும்போது வாப்பா சொன்னார்: "கோயில்லயும் சும்மா, பள்ளியிலயும் சும்மா. ரெண்டு மார்க்கத்திலயும் கூலியில்லாத வேலை உனக்கு மட்டும்தாண்டா வாய்ச்சிரிக்கி."

ஞாயிறு வகுப்பைக் காரியதரிசி திரும்ப எடுத்துக்கொண்டார். பால் இல்லாத முதல் ஞாயிறு அவருடைய பேரப்பிள்ளைகள் மட்டும் வந்திருந்தார்கள், அதுவும் அடி வாங்கி. பால் சனிக்கிழமைக்கு மாறியிருந்தது. அன்றைக்குத் தேவாலய முற்றம் பொங்கி வழிந்தது. கிடாரம் ஆறும்வரை பிள்ளைகளைச் சும்மா வைத்திருக்க முடியாமல் மீராமுகைதீன் பூவரச மரத்தடியில் யூசுப் நபியின் கதையைத் தொடங்கினான்.

மூன்றாவது சனிக்கிழமை காரியதரிசி வந்தார். தூரத்தில் நின்றார். பிறகு ஒரு வாங்கை இழுத்துப் போட்டு இருந்தார். அண்ணன்மார் யூசுபை விளையாடக் கூட்டிப்போக வாப்பாவிடம் அனுமதி கேட்ட இடம் வந்ததும் அவரால் பொறுக்க முடியவில்லை.

"அது அப்பிடி இல்ல. தகப்பன்தான் அவன அண்ணன்மாரத் தேடி அனுப்பினது."

"எங்கட கிதாபில இப்பிடித்தான் சேர்."

"எங்கட வேதத்தில அப்பிடி இல்ல."

"ரெண்டிலயும் கிணத்துக்குள்ளதானே சேர் போட்டாங்க?"

"ஓம். அதில ஆட்சேபணை இல்ல."

பிள்ளைகளுக்குக் கதையைவிட இந்த வழக்குப் பிடித்துப்போயிற்று. வாராவாரம் நடந்தது. பிள்ளைகளுக்கு விளங்கக்கூடாத சூடான இடங்களில் காரியதரிசி இங்கிலீசுக்குத் தாவுவார். விட்டுக்கொடுக்க மனமில்லாமல் மீராமுகைதீனும் தாவுவான். அவன் பிழைவிட்டால் காரியதரிசி வழக்கை நிறுத்திவைத்துப் பிழையைத் திருத்திவிட்டு, மறுபடி சண்டை பிடிப்பார். தன்னை அவமானப்படுத்தியவனை அவர் மன்னித்தாரா என்று அவனுக்குத் தெரியாது. மன்னித்ததாக அவர் ஒருநாளும் சொல்லவில்லை. ஒரு சனிக்கிழமை மட்டும், செல்லத்தங்கத்தின் கை வலிக்கிறது என்று குணத்தைத் தன் மடியில் வாங்கி வைத்துக்கொண்டார். அவன் அவர் போட்டிருந்த கோட்டின் மேல் மூத்திரம் பெய்தான். அப்போதும் அவனை மடியிலிருந்து இறக்கவில்லை.

வருடக் கடைசிச் சோதனையில் மீராமுகைதீன் இங்கிலீசில் சித்தியடைந்தான். நேசம்மா ஆண்டவருக்கு நன்றி சொன்னார். உம்மா அல்லாஹ்வுக்கு நன்றி சொல்லி நேர்ச்சைச் சோறு ஆக்கினாள். காரியதரிசி மட்டும், "இன்னும் கொஞ்சம் கவனிச்சிருந்தா திறமைச்சித்தி வந்திருக்கும்" என்றார்.

அட்டாளைச்சேனைக் கலாசாலையில் இடம் கிடைத்து, தகரப்பெட்டியோடு பஸ் ஏறியபோது அவன் ஜன்னலோரம் இருந்தான். ஊரில் ஒரு பாதி அவனை மார்க்கம் பரப்பியவன் என்றது. மறு பாதி, வேதக்காரரோடு திரிந்து கெட்டவன் என்றது. சபை இளைஞர்கள் தங்கள் ஆண்டறிக்கையில் பால் விநியோகத்தைத் தங்கள் தொண்டாக எழுதிக்கொண்டார்கள். இவை ஒன்றும் அவனைச் சுடவில்லை. பிள்ளைகளுக்கு முன்னால் நிற்பது தனக்குப் பிடித்திருக்கிறது, வேறு எந்த வேலையும் அப்படிப் பிடிக்கவில்லை என்று அவன் தெரிந்துகொண்டது மட்டும்தான் மிச்சம். சொன்னால் வாப்பா சிரிப்பார் என்பதால் அதை அவன் ஒருவரிடமும் சொல்லவில்லை.